இடப்பக்கத்து பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தருபவரைக் கரூரில் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மெர்சி மாஸ்டருக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் பாடம் கேட்க வந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தாறு.

அன்று ஸ்டியரிங் பொன்னுரங்கத்தின் கையில் இருந்தது. மனசு சென்னைச் சாலையில் இருந்தது. பத்தொன்பது வயது மகள் சம்யுக்தா காலை நாலரைக்கே தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். கல்லூரி திறக்கிறது. முழுசாக ஏழு மணி நேர ஓட்டம். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளும் இதே மாஸ்டரிடம் கற்றவள்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார் மாஸ்டர்.

"மூணாவது தடவையா போனைப் பாக்குறீங்க சார்."

"பிள்ளை தனியாப் போறா மாஸ்டர். காலையிலேருந்து சோறு தண்ணி இறங்கல. அவளுக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தீங்க. இந்தப் பயத்தை என்ன செய்யறதுன்னு எனக்கும் கத்துக்குடுங்க."

"இடம் மாறி உக்காருங்க."

அவர் மாஸ்டரின் இருக்கைக்குப் போனார். பயிற்சிக் காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"நான் ஓட்டுறேன். பயம் வந்தா மிதிங்க."

மிதித்தார். எதிரே பஸ் வந்தது, மிதித்தார். ஆடு ஒன்று சும்மா தலையைத் தூக்கிப் பார்த்தது, அதற்கும் மிதித்தார். வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றே போய்விட்டது. பின்னால் வந்த மினி லாரி கிறீச்சிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. லாரிக்காரர் தலையை நீட்டி, எழுத முடியாத வார்த்தையில் மாஸ்டரைத் திட்டிவிட்டுப் போனார்.

பொன்னுரங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "மன்னிச்சிருங்க மாஸ்டர். உங்களைக் காப்பாத்தத்தான் மிதிச்சேன்."

"தெரியும் சார்."

மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டினார். அப்போது போன் அடித்தது. சம்யுக்தா.

"அப்பா, ஹாஸ்டலுக்கு வந்து சேந்துட்டேன். ரெண்டு இடத்துல நிறுத்தி டீ குடிச்சேன். நடுவுல கூப்பிட்டா என்னமோ ஏதோன்னு பதறுவீங்கன்னுதான் கூப்பிடல."

"சாப்பிட்டியா?" என்றார்.

போனை வைத்ததும் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. நன்றாகப் பசித்தது. ஆட்டுக்குப் பயந்ததை நினைத்துச் சிரிப்புகூட வந்தது.

"அவ கத்துக்கிட்டப்போ இந்த பிரேக்கை எத்தனை தடவை மிதிச்சிருப்பீங்க மாஸ்டர்?"

"முதல் வாரம் கணக்கே இல்ல. கடைசி வாரம் ஒரு தடவைகூட இல்ல."

"அதுக்குள்ள உங்களுக்குப் பயம் போயிருச்சா?"

மாஸ்டர் சாவியைத் திருப்பினார்.

"எங்க போச்சு? காலை மடக்கி, சீட்டு மேலயே சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டேன்."