பசந்தி எடுத்த பாடம்

செங்கல் சூளைகளுக்கு நடுவே ஒரு ஆரம்பப் பள்ளி. அங்கே கனகவல்லி என்றொரு ஆசிரியை. சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் அவரிடம் ஒன்றாகப் படித்தார்கள்.

வெளியூர்ப் பிள்ளைகள் மற்ற பள்ளிகளில் நாலு நாளில் நின்றுவிடுவார்கள். கனகவல்லியிடம் மட்டும் தொடர்ந்து வந்தார்கள். இதைக் கேள்விப்பட்டு தாமோதரன் அவரைத் தேடி வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மேடையேறினால் கூட்டம் கட்டுண்டு கிடக்கும், அப்படித் தமிழ். கனகவல்லிக்கு அப்பா வயது.

"உங்ககிட்ட மாணவனா இருக்க வந்திருக்கேன்" என்றார்.

கனகவல்லி சிரித்தார். "மூணாம் வகுப்பை எடுங்க சார். எங்க தடுக்குதோ அங்க பேசிக்கலாம்."

பசந்தி என்ற ஒடிசாப் பெண்ணிடம் தடுக்கியது. வெளியே தன் சிநேகிதிகளோடு ஓயாமல் பேசுவாள். வகுப்புக்குள் வந்தால் வாய் திறக்கமாட்டாள். தாமோதரன் கணக்கைச் சொல்வார். அவள் முழிப்பாள். இன்னும் தெளிவாக, இன்னும் உரக்கச் சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் காலை பசந்தியின் அப்பா திபாகர் பள்ளி வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் களிமண்.

"பொண்ணு பேசல டீச்சர். படிப்பு வரல. நாளைக்கு வேலைக்குக் கூட்டிப் போறேன். சூளையில செங்கல்லு காயத் திருப்பிப் போடும்."

"சாயங்காலம் வாங்க. பேசலாம்" என்றார் கனகவல்லி.

திபாகர் போனதும் தாமோதரன் கேட்டார்: "தெளிவாத்தானே சொல்றேன் டீச்சர்? ஏன் அவ காதுல ஏறல?"

கனகவல்லி வகுப்புக்குள் போனார். பசந்தியிடம் ஒடியாவில் ஏதோ சொல்லி அவள் கையில் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்தார். பிறகு தாமோதரனைப் பார்த்தார்.

"இன்னைக்கு நீங்க கீழ உக்காருங்க சார்."

தாமோதரன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

பசந்தி கரும்பலகை முன் நின்றாள். முதலில் குரல் எழவில்லை. பிறகு தன் மொழியில் ஒரு கணக்கைச் சொன்னாள். அவள் ஊர்ப் பிள்ளைகள் படபடவென்று கை தூக்கினார்கள். பசந்தி அவர்களைப் பார்க்கவில்லை. தாமோதரனையே பார்த்தாள்.

அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எல்லாக் கண்களும் அவர் மேல் இருந்தன. காது சூடேறியது. தலை தானாகக் குனிந்தது.

பசந்தி கணக்கைத் திரும்பச் சொல்லவில்லை. கரும்பலகையில் ஐந்து செங்கல் வரைந்தாள். ஒன்றைத் தொட்டு, "இட்டா" என்றாள்.

"இட்டா" என்றார் தாமோதரன்.

இரண்டின் குறுக்கே கோடு போட்டு, உடைந்துபோனதாகக் கையால் காட்டினாள். மிச்சத்தை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். மூன்றாவதைத் தொட்டபோது "தினி" என்றாள். பிறகு புருவத்தை உயர்த்தி அவருக்காகக் காத்திருந்தாள்.

"தினி... தினி இட்டா!" என்றார் அவர்.

"டீக்!" என்று கத்தினாள் பசந்தி. சரி என்று அர்த்தம். வகுப்பே கை தட்டியது.

தாமோதரனுக்கு எத்தனையோ மேடைகளில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல் கொடுத்த பூரிப்பை அவர் அங்கெல்லாம் கண்டதில்லை.

பசந்தி சுண்ணாம்புக்கட்டியை அவரிடம் நீட்டினாள். இப்போது உங்கள் முறை என்பதுபோல.

அவர் எழுந்து போய் அதே செங்கலைத் தொட்டார். மெதுவாக, "செங்கல்" என்றார். மிச்சமிருந்ததை எண்ணிக் காட்டினார்.

பசந்தி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "மூணு செங்கல்!" என்றாள்.

சாயங்காலம் திபாகர் வந்தார். பசந்தி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஏதேதோ சொன்னாள். நடுநடுவே தாமோதரனைக் கை காட்டினாள். திபாகர் மகளையும் பார்த்தார், வெள்ளை வேட்டியில் நின்ற பெரியவரையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அதை நம்பப் பயந்தவர்போல அடக்கிக்கொண்டார்.

"டீச்சர், இவ என்னமோ சொல்றா. பெரிய சாருக்கு இவதான் பாடம் எடுத்தாளாம். பொய்தானே?"

தாமோதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் கனகவல்லி சொன்னார்: "நெஜந்தான். நாளைக்கும் அவ வந்தாகணும். சாருக்கு இப்பத்தான் ரெண்டு வார்த்தை வந்திருக்கு."