இருபத்தொன்பதாம் நாள் இறங்கிய கட்டை

கதையைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. கோவில்பட்டியில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தாள் செண்பகவல்லி. அரசுக்குத் தேவையான புதுக் கருவியைச் சிறு தொழில் செய்பவர் யாராவது உருவாக்கினால், செய்து பார்க்கும் செலவை அரசே தரும். சோதனையில் தேறினால் ஊர் ஊராக வாங்கி வைக்கும். அப்படி ஓர் ஒப்பந்தத்தில் அவள் தரைப்பாலத்துக்கு ஒரு தடுப்பு செய்தாள். மூன்று கிலோமீட்டர் மேலே ஆற்றில் வெள்ளம் ஏறினால், பாலத்தின் இரு முனையிலும் கட்டை தானே இறங்கிவிடும்.

விதி கறாரானது. முப்பது நாளில் கட்டை ஒருமுறை வீணாக இறங்கினாலோ, யாராவது கையால் தூக்கினாலோ தோல்வி. தோற்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு அவள் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான். பதிவேடு உதவிப் பொறியாளர் இஸ்ரவேலிடம் இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் நல்ல வெயில். ஆற்றில் காய்ந்த மணல். செண்பகவல்லியும் இஸ்ரவேலும் பாலத்தருகே நின்றிருந்தார்கள். கட்டை இறங்கியது. அந்த நேரம் பார்த்துத்தானா பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணோடு காஜாவின் ஆட்டோ வர வேண்டும்? ஆஸ்பத்திரி அக்கரையில், சுற்றுவழி ஒன்பது கிலோமீட்டர். காஜா கட்டையைத் தூக்கப் போனான். மேலே வெள்ளம் என்று செண்பகவல்லி மறித்தாள். கையால் தூக்கினால் ஒப்பந்தம் போய்விடுமே என்ற பயத்தில் அவள் பொய் சொல்கிறாள் என்றான் அவன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அவள் பொறியாளரிடம் திரும்பினாள். "சார், தோத்துப்போச்சுன்னு இப்பவே எழுதிருங்க. கையெழுத்தும் போட்டுருங்க." பிறகு காஜாவிடம், "இனி எனக்கு இதுல ஒண்ணுமில்ல தம்பி. இப்பவாவது நம்பு. சுத்திப் போ."

இஸ்ரவேல் எழுதினார். காஜா ஆட்டோவைத் திருப்பினான். கால் மணி நேரத்தில் செந்நிற வெள்ளம் பாலத்தை மூடியது. கொஞ்ச நேரம் கழித்து போன் வந்தது: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அப்பாடா என்று செண்பகவல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இஸ்ரவேல் 'தோல்வி'யை அடித்துவிட்டு 'தேறியது' என்று எழுதினார். அவள் தடுத்தாள். "வேண்டாம் சார். அந்தச் சொல்ல நம்பித்தான் அவன் திரும்புனான். இப்ப மாத்துனா, அடுத்த தடவை நான் சொன்னா எவன் நம்புவான்?" அவர் கேட்கவில்லை.

சொன்ன சொல்லில் நின்ற அவளா, எழுதியதைத் திருத்திய அவரா? இதில் யார் செய்தது சரி?

விடை: இஸ்ரவேல் செய்ததே சரி. கட்டை வீணாக இறங்கவில்லை, யார் கையும் அதில் படவில்லை. தன் லாபத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் சோதனையில் நின்றது அவளல்ல, கட்டை. ஏட்டில் தோல்வி என்றே இருந்திருந்தால் மற்றப் பாலங்களுக்குக் கட்டை போயிருக்காது. அங்கே வரும் ஆட்டோவை மறிக்க ஒரு செண்பகவல்லியும் இருக்க மாட்டாள்.