‘போதும்’ என்று சொல்லவிடாத உருண்டை

காலை ஆறரை மணி. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, காட்டின்மேல் மூடுபனி இறங்கியிருந்தது. நனைந்த ரோமத்தோடு குரங்குக் கூட்டம் முழுவதும் அத்திமரத்தடியில் கூடியிருந்தது. தும்பை என்னும் மந்தியின் ஒரே மகன் சில்லானைக் கூட்டத்தைவிட்டு விரட்டுவதா, வேண்டாமா? அதுதான் வழக்கு.

நடந்தது இது. முந்தைய மாலை காவல்கிளையில் அமரும் முறை சில்லானுடையது. சிறுத்தை தென்பட்டால் மேலே இருப்பவன் கத்த வேண்டும். கீழே மேய்பவர்கள் மரமேற வேண்டும். சிறுத்தை வந்தது. சில்லான் பார்த்தும்விட்டான். ஆனால் குரல் எழவில்லை. அவனுடைய இரண்டு கன்னப்பைகளிலும் உருண்டைகள் அடைத்திருந்தன. அவற்றைத் துப்பிவிட்டுக் கத்த அவனுக்கு மனம் வரவில்லை. குட்டியொன்று வாலின் நுனியைப் பறிகொடுத்து உயிர் தப்பியது.

அந்த உருண்டைகளைச் செய்பவன் மாசிலான் என்னும் மரநாய். இலுப்பைப்பூ, தேன், கொட்டைப் பருப்பின் நெய், உப்பு மண் எல்லாவற்றையும் பிசைந்து உருட்டுவான். முதல் உருண்டை இலவசம். அடுத்ததற்குப் பழுத்த பலாச்சுளை கொண்டுவர வேண்டும். குரங்குகளோ கிடைத்ததைக் கன்னப்பையில் ஒதுக்கிவைத்து, மெல்ல மெல்லத் தின்னும் இனம். உருண்டை பகல் முழுவதும் அங்கேயே ஊறியது. சுவை நாக்கைவிட்டு நீங்கவே இல்லை.

தலைவன் பெருங்கடுவன் தொண்டையைச் செருமினான். “நாவை அடக்கத் தெரியாதவனுக்கு இங்கே இடமில்லை. சில்லான் போகட்டும்.”

தனித்துப் போகும் இளங்குரங்கு மழைக்காலத்தைத் தாண்டாது. தும்பைக்கு அது தெரியும்.  ஆனாலும் அவள் குரலை உயர்த்தவில்லை.

“என் மகன் தவறினான், தலைவரே. மறுக்கவில்லை. ஆனால் அவனோடு இன்னொருவரையும் விசாரிக்க வேண்டும்.”

கூட்டத்தின் ஓரத்தில் இலைப்பொதியோடு உட்கார்ந்திருந்த மாசிலான் சிரித்தான். “என்னைத்தானே, அம்மணி? நான் யார் வாயையாவது பிளந்து ஊட்டினேனா? வேண்டியவன் வாங்கினான். பிள்ளையை வளர்க்கத் தெரியாவிட்டால் பண்டத்தின்மேலா பழி போடுவது?”

“பண்டம் அருமையானதுதான்,” என்றாள் தும்பை. “எப்படிப் பக்குவம் பார்க்கிறீர் என்று சொல்லும்.”

மரநாயின் மார்பு நிமிர்ந்தது. “அது எல்லாருக்கும் கைவராது. தேன் மிகுந்தால் தெவிட்டும். தெவிட்டப்போகிற கணத்தில் உப்பு முன்னால் வரவேண்டும். உப்புக் கரிக்கத் தொடங்குமுன் நெய் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். நாக்கு ‘போதும்’ என்று சொல்லப் பார்க்கும். சொல்லவிடக் கூடாது. அதற்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?”

“தெரிந்தது,” என்றாள் தும்பை. “பலாப்பழம் தெவிட்டுகிறது. தேன் தெவிட்டுகிறது. காடு தரும் எந்த உணவும் ஓரிடத்தில் ‘போதும்’ என்கிறது. அந்த ஒரு சொல்லை நீர் பாடுபட்டு அடைத்துவிட்டீர். பிறகு என் மகனுக்கு அடக்கமில்லை என்கிறீர். வெட்கமாக இல்லையா உமக்கு?”

“அடக்கமுள்ளவர்கள் தின்னவில்லையா, என்ன?” என்றான் மாசிலான். “தலைவர் நாள்தோறும் தின்கிறார். கெட்டா போய்விட்டார்?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவனின் இடது கன்னம் புடைத்திருந்தது.

“தலைவரே,” என்றாள் தும்பை, “அதைத் துப்பிவிட்டு மறுபடி தீர்ப்புச் சொல்லுங்கள்.”

“இதோ... கரைந்துவிடும். கரைந்ததும் சொல்கிறேன்.”

கூட்டம் காத்திருந்தது. உருண்டை கரைந்தது. தலைவன் வாயைத் திறக்குமுன் அவன் கை தானாகவே நீண்டு, மாசிலானின் இலைப்பொதிக்குள் போயிற்று.

“நல்ல தீர்ப்புத்தான் போ!” என்று பின்வரிசையிலிருந்து பூவரசி என்னும் மந்தி முணுமுணுத்தாள். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் கன்னங்களும் புடைத்தே இருந்தன.

தலைவன் கையை இழுத்துக்கொண்டான்.  தானாக நீண்ட அந்தக் கையையே குனிந்து பார்த்தான். பிறகு யார் முகத்தையும் பாராமல், “சில்லான் இருக்கட்டும். மரநாய் எல்லையைவிட்டுப் போகட்டும்,” என்றான்.

மறுநாள் காலை பெருங்கடுவன் தலைவலியோடு எழுந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டினான். பூவரசி, மாசிலான் விட்டுப்போன பொதியின் வெறும் இலையைத் தேடியெடுத்து, ஒருவரும் காணாமல் நக்கினாள். சில்லான் அத்திப்பழத்தைக் கடித்தான், துப்பினான், மீண்டும் கடித்து, அழுதுகொண்டே விழுங்கினான். மாசிலான் ஓடைக்கு அக்கரையில் கருங்குரங்குகளின் மரத்தடியில் புதுப் பொதியைப் பிரித்து, “முதல் உருண்டை இலவசம்,” என்று இனிமையாகக் கூவினான். தும்பை அந்தக் குரலைக் கேட்டாள். காலை உணவையும் தொடாமல், அங்குள்ள தாய்மார்களிடம் சொல்ல ஓடையைத் தாண்டினாள்.

நிறுத்த முடியாதபடி உணவைச் சமைத்தவனை விட்டுவிட்டு, நிறுத்த முடியாமல் தவிப்பவனை மட்டும் தண்டிப்பது நீதி ஆகாது.