கடல் வராத இடம்

எங்கள் ஊர்க் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. அதற்கென்று ஒரு அதிகாரி ஜீப் நிறையச் சிவப்புப் பலகைகளோடு வந்தார். ‘கடல் புகும் இடம். குடியிருக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது. பலகை நட்ட இடத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள், கடலே கண்ணில் படாத மேட்டுக் காலனிக்குப் போய்விட வேண்டும்.

நடுகிற வேலைக்குக் கருவாட்டுக்காரி சலேத்தம்மாளைப் பிடித்தார்.

“காலம் மாறுது, நாமளும் மாறிக்கணும்மா. போன புயலுக்குத் தண்ணி ஏறின இடத்துல எல்லாம் நடு. யார் அழுதாலும் விடாதே.”

“ஒரு இடமும் விட மாட்டேன் அய்யா.”

மாலையில் பக்கத்துச் சொகுசு விடுதியைத் திறந்துவைக்க மந்திரி வந்தார். வாசலில் கட்டிய வாழைமரங்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் பலகை நின்றது. நீச்சல் குளத்தருகே இன்னொன்று.

அதிகாரி கூட்டத்தில் நின்ற சலேத்தம்மாளைப் பார்த்துக் கத்தினார். “இங்க யாரு நடச் சொன்னா? இங்கெல்லாம் கடல் வராது.”

“புயலன்னைக்கு எங்க வள்ளம் மிதந்து வந்து இந்தத் தென்னையிலதான் முட்டி நின்னுச்சு. சரி, வராதுன்னு மந்திரி முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் எங்க வீடு. இங்க வராத கடல் அங்க மட்டும் எப்படி அய்யா வரும்?”

மந்திரி சிரித்தார். கெட்டிக்காரி என்று அவளுக்குச் சால்வை போர்த்தினார். எல்லாப் பலகைகளையும் அன்றைக்கே பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த மாதம் கடலைத் தடுக்கக் கருங்கல் சுவர் வந்தது. விடுதி மதிலோடு அது நின்றுவிட்டது. அங்கே முட்டிய அலையெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது.

சலேத்தம்மாள் அந்தச் சால்வையில்தான் சட்டி பானையை மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக் காலனிக்கு ஏறினாள்.