மூன்று முறை மண்ணைத் தட்டிய மல்லன்

முதுகு உள்ளவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

ஆறு வற்றாமல் ஓடிய காலத்தில் வேம்பங்குடி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசனுக்கு மற்போர் என்றால் உயிர். அவனுடைய மல்லர்களில் செங்கோடன்தான் பெரிய ஆள்.

களத்தில் ஒரு விதி உண்டு. பிடி தாங்காவிட்டால் கையால் மண்ணை மூன்று முறை தட்டலாம். தட்டியதும் எதிராளி விட்டுவிட வேண்டும்; அந்தப் பிடியின் வெற்றி எதிராளிக்கு. ஆனால் வேம்பங்குடி மல்லர் எவரும் தட்டியதே இல்லை. எலும்பு போனாலும் மானம் போகக்கூடாதாம்!

ஒரு திருவிழாவில் செங்கோடனும் தட்டவில்லை. முதுகில் ஏதோ மளுக்கென்றது. அவனைக் கதவுப் பலகையில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஆறு மாதம் படுத்த படுக்கை. காப்பாற்றிய மானமா வந்து கஞ்சி ஊற்றியது? மனைவி அஞ்சலைதான் ஊற்றினாள். எண்ணெய் தடவினாள், ஒத்தடம் கொடுத்தாள், கைத்தாங்கலாக நடக்க வைத்தாள்.

அடுத்த திருவிழாவும் வந்தது. செங்கோடன் இப்போது நடந்தான், குனிந்தான், தண்டால் எடுத்தான். வலி மட்டும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் களத்து முரசு கேட்டதும் கால் வீட்டில் நிற்கவில்லை.

போகவேண்டாம் என்று சொல்ல அஞ்சலைக்கு ஆசைதான். ஆனாலும் தடுக்கவில்லை. "செயிச்சுட்டு வாங்கன்னு சொல்லமாட்டேன். நடந்து வாங்க, அது போதும்" என்றாள்.

எதிராளி மாயாண்டி என்னும் இளைய மல்லன். மொத்தம் மூன்று பிடி; இரண்டை வென்றவனுக்கு மாலை.

முதல் பிடியில் மாயாண்டி இடுப்பை வளைத்து மண்ணோடு அழுத்தினான். அதே இடம், அதே வலி. "விடாதே! விடாதே!" என்று கூட்டம் கத்தியது. செங்கோடனுக்குக் கதவுப் பலகை நினைவுக்கு வந்தது. மண்ணைத் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று.

மாயாண்டி திகைத்துப்போய்க் கையை எடுத்தான். கூட்டம் சிரித்தது. "நீயெல்லாம் ஒரு மல்லனா?" என்று சீறினான் அரசன்.

"மகாராசா, பிடி இன்னும் ரெண்டு இருக்கு. முதுகு எனக்கு ஒண்ணுதான் இருக்கு."

அரசன் தொடரட்டும் என்று கை காட்டினான்.

இரண்டாம் பிடியில் செங்கோடன் இடுப்பைக் கொடுக்காமல் விலகி, மாயாண்டியின் காலை வாரி மல்லாத்தினான்; அந்தப் பிடி செங்கோடனுக்கு. மூன்றாம் பிடியில் மாயாண்டியின் கை செங்கோடனிடம் சிக்கியது. கை முறுகியது, தோள் நெரிந்தது. மாயாண்டி ஒரு கணம் செங்கோடன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனும் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று.

செங்கோடன் உடனே விட்டான்.

"அண்ணே, நீ முதல்ல தட்டலேன்னா எனக்கும் தைரியம் வந்திருக்காது. இந்நேரம் தோள் போயிருக்கும்" என்றான் மாயாண்டி, தோளைத் தேய்த்துக்கொண்டே. இந்த முறை கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தெருமுனையில் கும்பல் வருவதைக் கண்டதும் அஞ்சலையின் கண் முதலில் கதவுப் பலகையைத் தேடியது. பலகை இல்லை. கழுத்தில் மாலை, ஒரு கை இடுப்பில். லேசாகச் சாய்ந்தபடி செங்கோடன் நடந்து வந்துகொண்டிருந்தான். மாலையை யார் பார்த்தார்கள்? அவள் அவன் கால்களைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"உள்ள வாங்க, எண்ணெய் ஆறிடப்போகுது" என்றாள்.

வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்லத் துணிந்தவனே மறுபடியும் களத்தில் இறங்கத் தகுந்தவன்.