இடது பக்கக் கண்ணாடி

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் குரு இருக்கிறார். தாடி கிடையாது, காவி கிடையாது. பெயர் நசீமா. வயது முப்பத்தொன்பது. வாரத்தில் ஆறு நாள் பல் டாக்டர்களுக்காகப் பொய்ப்பல் செய்து கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குக் கார் செய்யச் சொல்லிக்கொடுப்பார்.

கார் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற கார். நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு. பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களாக வரும். சட்டத்தில் கதவு, சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து ஒட்ட வேண்டும். இஷ்டப்பட்டால் மாற்றியும் செய்யலாம். உயரத்தைக் குறைக்கலாம், மேலே கேரியர் வைக்கலாம். இந்த வயசில் என்ன பொம்மை என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

வகுப்பில் எல்லோரும் குருவை விட மூத்தவர்கள். அவர் எங்களை "சார்" என்பார். நாங்கள் அவரை "டீச்சர்" என்போம்.

அங்கே ஒரே ஒரு விதிதான் உண்டு. காரின் பாகங்களில் சில கடுகு அளவு இருக்கும். இடுக்கியிலிருந்து தெறித்தால் போச்சு. அதனால் யார் கையிலிருந்து எது விழுந்தாலும் அந்த ஆள் உடனே "விழுந்துருச்சு!" என்று கத்த வேண்டும். கத்தியதும் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். தூக்கிய கால் தூக்கியபடி, வாய்க்குப் போன டீ பாதி வழியில். டீச்சர் டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்துத் தேடுவார். "கிடைச்சிருச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் அசையலாம்.

ஒருமுறை மாதேஸ் படியிறங்கிக்கொண்டிருந்தபோது நான் கத்திவிட்டேன். மனுஷன் பாதிப் படியில் நின்றுவிட்டார். இங்கே தேடி எடுத்துவிட்டு, நாங்கள் வேலையில் மூழ்கிவிட்டோம். கால் மணி நேரம் கழித்துப் படியிலிருந்து பாவமாக ஒரு குரல் வந்தது: "ஏங்க, நான் இன்னும் நிக்கறேன்."

மாதேஸ் டாக்ஸி ஓட்டினவர். அவரை வகுப்புக்குக் கூட்டிவந்தவர் வரதராஜுலு. வரதராஜுலு இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ரிட்டயரானவர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எவன் சொல்வது பொய் என்று கண்டுபிடிக்கிற உத்தியோகம். லாரிக்காரன் பின்னாலிருந்து இடித்தான் என்று ஒருத்தன் அழுதுகொண்டு நிற்பான். இவர், "அப்போ முன் பம்பர்ல ஏன் சுண்ணாம்பு?" என்று கேட்பார். ரிட்டயரான பிறகும் அந்தக் கண் ரிட்டயராகவில்லை. டீ கொடுத்தால்கூட ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மாதேஸ்தான். இருபத்தாறு வருஷ சிநேகிதம். எங்கே விபத்து நடந்தாலும் மாதேஸ் டாக்ஸியில்தான் போவாராம், போகும்போது பின்சீட்டில் தூங்குவாராம். பஸ்ஸில், ரயிலில் எல்லாம் கண்ணை மூடமாட்டார். வகுப்புக்கும் மாதேஸ் ஸ்கூட்டரில்தான் வருவார். இருவரும் ஒரே நாளில், ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி நீலக் கார் வாங்கினார்கள். பெங்களூருவில் நடக்கிற சின்னக் கார் கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதாகத் திட்டம்.

வந்தது வினை.

ஒரு ஞாயிறு மாதேஸ் அவசரப்பட்டுக் கத்தி போட்டதில் அவர் காரின் இடது பக்கக் கண்ணாடி, பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே அது, இரண்டு துண்டாகிவிட்டது. பொட்டுக்கடலையில் பாதி அளவுதான் இருக்கும். பெட்டியில் உபரி கிடையாது. "போகட்டும், செஞ்சுக்கலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு வரதராஜுலுவின் இடது பக்கக் கண்ணாடி காணாமல் போனது.

காணாமல் போனது எங்களுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. டேப்பில் ஒட்டி வைத்திருந்ததைக் காணோம் என்றதும் மனுஷன் வாயே திறக்காமல் உட்கார்ந்து, ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் பாட்டுக்கு எழுந்தோம், நடந்தோம், டீ குடித்தோம்.

அதற்கடுத்த வாரம் அவர் பஸ்ஸில் வந்தார். "என்னப்பா, ஸ்கூட்டருக்கு என்ன?" என்று மாதேஸ் கேட்டதற்கு, முதுகு வலி என்றார். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் கண்ணாடியைக் காணோம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"போன வாரம் மாதேஸ் சட்டைப் பையில கை விட்டதைப் பாத்தீங்களா?"

"மாத்திரை எடுத்திருப்பாருங்க."

"ரெண்டாவது டீ வேண்டாம்னான். கவனிச்சீங்களா?"

"இல்லீங்களே."

"வேர்த்துச்சு அவனுக்கு."

"ஃபேன் ஓடலைங்க அன்னைக்கு."

"ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நானும் மாதேஸின் பையைப் பார்த்தேன். என் டயர்கள் நாலையும் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

அதற்கும் அடுத்த ஞாயிறு மாதேஸ் காரோடு வந்தார். காருக்கு இடது பக்கக் கண்ணாடி இருந்தது. பளபளவென்று, அச்சு அசலாக.

"எப்படி இருக்கு?" என்று சின்னப் பிள்ளை மாதிரி நீட்டினார்.

வரதராஜுலு கையில் வாங்கவில்லை. "இது ஏது?"

"எது?"

"இடது கண்ணாடி."

"நானே செஞ்சேன்ப்பா. வெட்டிப் போட்ட சட்டத்துல ஒரு துண்டை எடுத்து செதுக்கினேன். நாலு ராத்திரி போச்சு."

"உன் கைக்கு இவ்ளோ நைஸா வருமா?"

"வந்துச்சே."

"என்னோடது காணாமப் போயி ரெண்டு வாரம் ஆச்சு."

மாதேஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் எடுக்கலப்பா."

"எடுத்தேன்னு நான் சொன்னேனா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையா பேசறியே. குடு, லென்ஸ்ல பாத்துட்டாப் போச்சு."

மாதேஸ் காரைத் திருப்பினார். நகத்தைக் கொடுத்து அந்தக் கண்ணாடியைப் பொட்டென்று பிடுங்கினார். வரதராஜுலுவின் உள்ளங்கையில் வைத்தார். காரை மேஜையிலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழே ஸ்கூட்டர் நாலு உதை வாங்கித்தான் கிளம்பியது. நாலு உதை வரைக்கும் வரதராஜுலு தலையைத் தூக்கவில்லை. லென்ஸைக் கண்ணில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் லென்ஸைக் கீழே வைத்தார்.

நானும் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்காக ஒட்டியிருந்தது வெள்ளித்தாள். ஓரத்தில் நீல மையில் பாதி எழுத்து தெரிந்தது. பிரஷர் மாத்திரை அட்டைத் தாள், பெட்டியில் வந்ததல்ல. அதே மாத்திரைதான் வரதராஜுலுவும் சாப்பிடுகிறார், அதே அட்டை அவர் சட்டைப் பையிலும் இருந்தது.

அந்தச் சின்னத் துண்டை நறுக்கி ஒட்ட மாதேஸின் அந்தத் தடித்த விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு மாதேஸ் வரவில்லை. போனையும் எடுக்கவில்லையாம். அவருடைய நீலக் கார் அலமாரியில் இடது கண்ணாடி இல்லாமல் இருந்தது. பக்கத்திலேயே வரதராஜுலுவின் காரும் அப்படியே இருந்தது. அவர் மட்டும் தவறாமல் வந்தார். ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு கதவை எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்த இடத்தையே தேய்த்தார்.

இரண்டாவது ஞாயிறு எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தார். நான் மூலையில் டயருக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஒரு பொய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"அவன் எடுக்கல. ஒத்துக்கறேன். அப்போ என் கண்ணாடி எங்கதான் போச்சு?"

அட கடவுளே, என்று எனக்கு வாய்வரை வந்தது. சிநேகிதன் போய்விட்டான், இவருக்குக் கண்ணாடி. டீச்சர் மட்டும் கோபப்படாமல் பல்லை ஊதிவிட்டுப் பார்த்தார்.

"காணோம்னு தெரிஞ்சதும் 'விழுந்துருச்சு'ன்னு சொன்னீங்களா சார்?"

"இல்லை."

"ஏன்?"

"விழுந்துச்சா, எவனாச்சும் எடுத்தானான்னு தெரியலையே. சொன்னா எடுத்தவன் உஷாராயிடுவான்."

"அன்னைக்கு இங்க யார் யாரு நடந்தாங்க?"

"எல்லாரும்." கொஞ்சம் நிறுத்தினார். "நானும்தான்."

"அப்புறம் நாலு தடவை பெருக்கியாச்சு சார். இனி கிடைக்காது."

"யாரு பெருக்கினது?"

"நான்தான்."

வரதராஜுலு டீச்சரையே ஒரு பார்வை பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தார். அடுத்த நொடி அவருக்கே உறைத்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன ஜென்மம் டீச்சர் நான்" என்றார். "வீட்ல சாம்பார்ல உப்பு கம்மியானாக்கூட யாரு என்ன நினைச்சுப் போட்டாங்கன்னுதான் தோணுது. அவன்கிட்ட மட்டும்தான் தோணாம இருந்துச்சு. இப்போ அதுவும் போச்சு."

வரதராஜுலு எழுந்தார். வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினார், இன்னொன்றுக்குக் காலைத் தூக்கினார்.

"விழுந்துருச்சு!" என்று டீச்சர் கத்தினார்.

பல் போய்விட்டது. என் பிரஷ் அந்தரத்தில் நின்றது. வரதராஜுலு ஒற்றைக் காலில், கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். டீச்சர் விளக்கை அணைத்தார், குப்புறப் படுத்தார், டார்ச்சைத் தரையோடு வைத்து அடித்தார். மேஜைக்கடி, அலமாரிக்கடி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வரதராஜுலுவின் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. காலைக் கீழே வைக்கவில்லை.

கடைசியில் அந்தக் காலுக்கு நேர் கீழே, மிதியடிக்கு ஓரமாக நீளமாய் ஒரு நிழல் விழுந்தது.

"கிடைச்சிருச்சு" என்றார் டீச்சர். பல்லை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தார். "நல்லவேளை சார். நீங்க காலை வெச்சிருந்தா தூள் தூளாயிருக்கும்."

வரதராஜுலு மெதுவாகக் காலை இறக்கினார்.

"மாதேஸ் சார் எழுந்து போனாரே, அப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. லென்ஸ்ல பாத்துட்டிருந்தேன்."

"'விழுந்துருச்சு'ன்னு சொல்லியிருந்தா படியிலயே நின்னிருப்பாரே சார்."

வரதராஜுலு படியைப் பார்த்தார். ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டு அவர் கண்ணைத் துடைத்தபோது நான் டயரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"இப்போ சொன்னா கேக்குமா டீச்சர்?"

"அவர் வீடு எங்க இருக்கு?"

"அஸ்தம்பட்டி."

டீச்சர் பல்லை டப்பாவில் வைத்து மூடினார்.

"அப்போ கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லணும் சார்."