திவானுக்கு வந்த அரிப்பு

மருதங்குளம் சமஸ்தானத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் இனி பட்டியலில் உள்ள ஏழு மருந்துகளைத்தான் எழுத வேண்டும், மீறினால் வேலை போய்விடும் என்று திவான் வேதாசலம் சட்டம் போட்டார். அரிப்பு என்று வந்தவர்களையெல்லாம் வைத்தியர் வெறுங்கையோடு அனுப்பினார். அங்கே மருந்து இடிக்கும் பேச்சியம்மாளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒருநாள் திவானுக்கே உடம்பெல்லாம் அரிப்பு. அரண்மனை வைத்தியர் ஊரில் இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டே, "பட்டியல் மருந்தாலேயே இதைக் குணப்படுத்துங்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போங்கள்" என்றார். வைத்தியர் பட்டியலைப் பேச்சியம்மாளிடம் நீட்டினார்.

பேச்சியம்மாள் பட்டியலைப் படித்தாள். "எசமான், இதில் அரிப்புக்கு மருந்தில்லை. பேதியை நிறுத்த அருமையான மருந்து இருக்கிறது. நீங்கள் பேதிக்கு மாறிக்கொண்டால் உடனே தீர்த்துவிடலாம்."

"எனக்குத்தான் பேதி இல்லையே?"

"அதற்கென்ன எசமான், பேதியாக வைப்பதற்கும் பட்டியலில் மருந்து இருக்கிறது" என்று விளக்கெண்ணெய்க் குடுவையைத் திறந்தாள்.

திவான் இரண்டடி பின்வாங்கினார். இடக்கையால் சொறிந்தபடியே வலக்கையால் சட்டத்தை அடித்துவிட்டு, 'வைத்தியர் சரியென்று நினைக்கும் மருந்தை எழுதலாம்' என்று கையெழுத்திட்டார். பேச்சியம்மாள் அரிப்புக் களிம்புக்கு மூலிகை இடிக்க உட்கார்ந்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் சொறிந்துகொள்ள ஆளில்லை.